பாசிமடுவு ஹார்பருக்குப் பூட்டு

கம்பிக் கவுத்தை இழுத்துப் பிடிச்சு, படகு மேடையில இடிக்காம நிறுத்திட்டு நிமிந்து பாக்கறேன். எதுத்தாப்ல இரும்பு கேட்டு.

காலையில வெறும் படகோட அக்கரைக்குப் போறப்ப அது அங்க இல்லீங்க. பொழுது சாயறதுக்குள்ள எங்கிருந்தோ கொண்டாந்து, மேடை முடிஞ்சு கரை தொடங்கற எடத்துல, பழைய இரும்புத் தூணோட சேத்து வெல்டிங் வெச்சு மாட்டிட்டாங்க. பச்சைப் பெயிண்டு காயக்கூட இல்லை. எங்க ஊட்டுக்காரர் தொட்டுப் பாத்துட்டு வெரலை வேட்டியில தொடச்சாரு. எத்தனையோ சோப்புப் போட்டும் அந்தக் கறை போகலை.

இது நடந்து சில வருசம் ஆச்சு, ஒரு கார்த்திகை மாசம். பனி எறங்கி, ஏரித் தண்ணி எது, மேகம் எதுன்னு தெரியலை. படகு நெறைய ஆளுக, ஆளுக்கு ரெண்டு மூணு மூட்டை. அத்தனையும் அன்னைக்குப் பறிச்ச காப்பிப் பழம்.

கேட்டுக்கு அந்தப் பக்கம், எஸ்டேட்டு ஓட்டல்ல குடுத்த நீலச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறது எங்க நங்கை மகன் முருகேசன். நங்கைன்னா எங்க ஊட்டுக்காரரோட அக்கா, பேரு ராமாயி. அவங்களும் அதே படகுலதான், மூட்டை மேல உக்காந்திருக்காங்க. அம்மா இந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம், நடுவுல பூட்டு.

"தொற கண்ணு, மூட்டை கனக்குது"ன்னேன்.

"அத்தை, சாவி எங்கிட்ட இல்லீங்க. இனிமே இந்த வழி ஓட்டலுக்கு வர்றவங்களுக்கு மட்டுந்தானாம். மேனேஜர் சொல்லச் சொன்னாருங்க."

"சொல்லிட்டயில்ல? இப்பப் போயிச் சாவிய வாங்கியா."

அவன் என்னையும் பாக்கலை, பெத்தவளையும் பாக்கலை. பூட்டையே பாத்துக்கிட்டு நின்னான்.

மலை மேல ஏதுங்க ஹார்பர்?

இங்க சித்த நிறுத்திக்கறேன். போன வாரம் பேச்சுவாக்குல 'எங்க ஹார்பர்'னு எழுதிட்டேன். தூத்துக்குடியிலருந்து ஒரு அய்யா பத்திரிகைக்குப் போன் பண்ணிச் சிரியோ சிரின்னு சிரிச்சாராம். "ஏற்காட்டு மலை மேல ஹார்பருங்கறாங்களே அந்தம்மா, கப்பல் எப்படீங்க மேல ஏறும், சேலத்துலருந்து பஸ்ஸுலயா?"ன்னு கேட்டாராம். சிரிங்க அய்யா, நல்லாச் சிரிங்க. சிரிச்சு முடிச்சுட்டு இதைப் படிங்க.

வெள்ளக்கடைக்குப் போற பக்கம், ரெண்டு மலைக்கு நடுவுல எங்க ஏரி கெடக்குது. பாசிமடுவுன்னு பேரு. வெள்ளைக்காரன் காலத்துல ஒரு தோட்டக்காரத் தொரை ஓடையை மறிச்சுக் கட்டுனது. காப்பிப் பழம் கழுவத் தண்ணி வேணுமில்லீங்களா, அதுக்குத்தான். கட்டுனதுக்கு அப்புறம் பாத்தா அவரு தோட்டம் பாதி இக்கரையில, பாதி அக்கரையில. சுத்திக்கிட்டுப் போனா பள்ளம், பாறை, காலெல்லாம் அட்டை. கழுதையே முரண்டு பண்ணி நின்னுருமாம். வேற வழியில்லாம படகு வுட்டாங்க.

அதுலயும் ஒரு சிக்கல். இக்கரை பூராவும் சேறு, எறங்குனா இடுப்பு வரைக்கும் வாங்கிக்கும். படகு கரைக்கு வர முடியாது. அதுக்கோசரம் கரையிலருந்து ஆழத் தண்ணி வரைக்கும் நீளமா ஒரு மேடை போட்டாங்க. வெளியூர்க்காரங்க அதைப் பாலம்னு நெனச்சுக்கிட்டு வீசிவீசி நடந்து வருவாங்க. முன்னால தண்ணி வந்ததும் "மீதி எங்கம்மா?"ம்பாங்க. மீதியத்தான் நான் இழுத்துக்கிட்டு வர்றேங்க, சித்த நில்லுங்கன்னு சொல்லுவேன்.

ஹார்பர்னு பேரு வெச்சது எஸ்டேட்டுல கணக்கெழுதிக்கிட்டிருந்த ஒரு ரைட்டரு. கடலோரத்து ஆளு. வேலைக்கு வந்த மொத நாளு மேடையைப் பாத்துட்டு, "அட, நம்ம ஹார்பர் இங்கயும் வந்துருச்சா!"ன்னாராம். அவரு ஊருக்குப் போயிப் பல காலம் ஆச்சு, பேரு மட்டும் போகலை. இன்னைக்கும் "எங்க போறே?"ன்னா "ஹார்பருக்கு"ம்போம். யாரும் சிரிக்க மாட்டாங்க.

வசதிக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லீங்க. தண்ணிக்குள்ள நிக்கற அடிமரம் வேங்கை, இன்னைய வரைக்கும் கல்லாட்டம் நிக்குது. மேல் பலகை சில்வர் ஓக்கு மரம், அது நாலு மழைக்குத் தாங்காது, இத்துப் போக இத்துப் போக மாத்தணும். மூட்டை தூக்கக் கைச்சுத்து கிரேன் ஒண்ணு உண்டு. துரு ஏறி, இப்ப மீன்கொத்தி உக்காரத்தான் ஆகுது. படகு கட்ட இரும்புக் குத்துக்கட்டை ரெண்டு. மழைக்கு மூட்டை ஒதுக்கத் தகரக் கொட்டாய். மேடையிலருந்து ரோட்டோரத்துல பழத்தோல் உரிக்கற பல்ப்பர் ஊடு வரைக்கும் தண்டவாளம், அதுல கையால தள்ளுற டிராலி. தூத்துக்குடியில இருக்கறதெல்லாம் எங்ககிட்டயும் இருக்குது, கப்பலைத் தவர.

தொரை போனாரு. அவருக்கப்புறம் தோட்டம் கைமாறிக் கைமாறி வந்துச்சு, கடைசியா வாங்குனவங்க இக்கரையில ஓட்டல் தொறந்தாங்க. அக்கரைத் தோட்டம் காடா மண்டிப் போச்சு. ஆனா அந்தச் சரிவுல காலங்காலமா இருக்கற எங்க சனங்க எங்க போறது? சாமை வெதைச்ச நெலத்துல நாங்களும் காப்பி வெச்சோம், ஊடால ஆரஞ்சு, மரத்துல மொளகுக் கொடி. பழம் வர்றதும் அந்தப் படகுலதான், புள்ளைத்தாச்சி ஆசுபத்திரிக்குப் போறதும் அந்தப் படகுலதான். பலகை இத்துப்போனா மாத்துனது எந்த மொதலாளியும் இல்லை, நாங்கதான். எங்க ஆணி, எங்க பலகை.

கவுறு எங்கைக்கு வந்த கதை

படகுன்னா துடுப்புப் போடற படகு கெடையாது. தட்டையா, கட்டில் மாதிரி இருக்கும். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கம்பிக் கவுறு கட்டியிருக்கும். நின்னுக்கிட்டுக் கவுத்தைப் பிடிச்சு இழுத்தா படகு நகரும், அவ்வளவுதான்.

முன்னாடி அதை இழுத்துக்கிட்டிருந்த ஆளு பனியன் கம்பெனிக்குன்னு திருப்பூர் போயிட்டாரு. அடுத்து யாரு இழுக்கறதுன்னு ஆம்பளைங்க எல்லாம் கொட்டாய்ல உக்காந்து பேசுனாங்க பேசுனாங்க, பொழுதுக்கும் பேசுனாங்க. எனக்கு அக்கரையில மூட்டை காத்துக்கெடக்குது. நான் பாட்டுக்குப் போயி இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ஒரு பெரிய மனுசன், பேரு வேண்டாம், "பொம்பளை கவுறு தொட்டா ஏரி வத்திப் போயிரும்"னாரு. அந்த வருசம் பெஞ்சுது பாருங்க மழை, மேடைக்கு மேல ஒரு முழம் தண்ணி. அந்த மனுசனைக் கேக்கலாம்னு தேடுனேன், ஆளையே காணோம். அன்னையிலருந்து கவுறு எங்கைய வுட்டுப் போகலை. உள்ளங்கை காச்சுப் போயி மரக்கட்டையாட்டம் இருக்குது. தொட்டுப் பாத்துட்டு அய்யோ பாவம்பாங்க. எனக்கு ஒரு பாவமும் இல்லை.

பழம் காத்திருக்காது

கேட்டுக்கு வரலாம். அதுக்கு முன்னாடி பழத்தைப் பத்தி ஒண்ணே ஒண்ணு.

காப்பிப் பழம் பறிச்ச அன்னைக்கே பல்ப்பர்ல போட்டுத் தோலை உரிச்சிரணும். வுட்டா விடியறதுக்குள்ள மூட்டைக்குள்ளயே சூடேறிப் புளிக்க ஆரம்பிச்சிரும். புளிச்ச பழத்துல எடுத்த கொட்டையை ஏவாரி மோந்து பாத்துட்டுத் தள்ளி வெச்சிருவான். தோலோட காயப் போடலாமேன்னு கேப்பீங்க. போடலாம், வெயிலு இருந்தா. கார்த்திகைப் பனியில எங்க சரிவுல துணியே காயாது, பழம் எங்க காயும்? பூசணம் பூத்துரும்.

பல்ப்பர் இருக்கறது இக்கரையில, ரோட்டோரத்துல, எங்க பொம்பளைங்க குழு எடத்துல. பழம் மேடையில. நடுவுல அந்தப் பச்சைக் கேட்டு.

மேனேஜர் வந்தாரு. சின்ன வயசு, ஈரோட்டுப் பக்கம். பேண்ட்டு நனையாம மடிச்சு வுட்டுக்கிட்டு, கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னாரு.

"ஏங்கம்மா, எஸ்டேட்டை எங்க மொதலாளி வாங்கி எத்தனை நாளாச்சு! இது பிரைவேட் எடம். உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

"சொல்லலீங்க சாமி. சொல்லியிருந்தாலும் வந்திருப்போம்."

"சுத்தி வழி இருக்குதில்லீங்க?"

"இருக்குதுங்களா? வாங்க, மூட்டைல ஒரு முனையப் பிடிங்க, சேந்து போலாம்."

பின்னால படகுல சிரிச்சாங்க. அவரு மொகம் செவந்து போச்சு.

"அம்மா, இது நூறு வருசத்துப் படகுத்துறை. பழமை மாறாம அப்படியே காப்பாத்தப் போறோம். இந்த வாரம் கல்யாணம் வருது, மாப்பிள்ளை பொண்ணு இங்கதான் போட்டோ எடுக்கப் போறாங்க. சாக்கு மூட்டையும் சேத்துக் காலுமா நீங்க நடுவுல வந்தா நல்லாவா இருக்கும்?"

"ஏனுங்க, இந்த மேடை போட்டதே சாக்கு மூட்டைக்குத்தானுங்களே. மூட்டையத் தள்ளிப்போட்டுட்டு என்னத்தைக் காப்பாத்துவீங்க?"

அவரு கொஞ்சம் எறங்கி வந்தாரு. கெட்ட புள்ளைன்னு சொல்ல மாட்டேன். அவருக்கு மேல ஒருத்தன், அவனுக்கு மேல ஒருத்தன். சொன்னாரு: "சரிம்மா, பழம் கெட்டுரும்னு எனக்கும் தெரியுது. இன்னைக்கு ஒரு தரம் தொறந்து வுடறேன். இதோட கடைசி. எல்லாரும் சரின்னு சொல்லுங்க, சாவிய எடுத்தாரச் சொல்றேன்."

படகுல எல்லாருக்கும் உசுரு வந்துச்சு. நங்கை உடனே மூட்டையத் தலைக்கு ஏத்த எந்திரிச்சிட்டாங்க. "சரின்னு சொல்லித் தொலை சின்னப்பொண்ணு. நாளைக்குப் பாடு நாளைக்கு"ன்னாங்க.

உள்ளதைச் சொல்றேன், எனக்கும் சரின்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. எங்க ஊட்டுக் கூரை ஓட்டை. அந்த வருசப் பழத்தை நம்பித்தான் புதுத் தகரம் போடறதா இருந்தோம். ஆனா அவரு புண்ணியத்துல இன்னைக்கு நடந்து போனா, நாளைக்கு அது அவரு வழி. நேத்து வரைக்கும் எங்க வழி.

"ஒரு தரம்னா வேண்டாமுங்க"ன்னேன்.

"ஏ புள்ள, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"ன்னு நங்கை கத்துனாங்க.

பேசுனா மனசு மாறிரும்னு பயம். எம்மூட்டையத் தூக்கியாந்து, கேட்டுக்கு முன்னால வெச்சு, வாயை அவுத்து, அப்படியே தலைகீழாக் கொட்டுனேன். அடுத்த மூட்டையவும் கொட்டுனேன். செக்கச்செவேல்னு பலகை மேல உருண்டு ஓடுச்சு. எங்க ஊட்டுக்காரர் என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் மூணாவது மூட்டையத் தூக்கிக்கிட்டு வந்தாரு. அந்த மனுசனை எனக்கு அன்னைக்குப் பிடிச்ச மாதிரி என்னைக்கும் பிடிச்சதில்லை.

"சேர்வராயன் சாமி மேல சத்தியமா, இந்தப் பழம் இந்த வழியாத்தான் போகும். இல்லீன்னா இங்கயேதான் கெடக்கும்"ன்னேன்.

மத்தவங்களும் ஒவ்வொருத்தராக் கொட்டுனாங்க. சிலதுக கொட்டறப்ப என்னைத் திட்டிக்கிட்டே கொட்டுச்சுக. நங்கை மட்டும் மூட்டை மேல உக்காந்து எந்திரிக்கவே இல்லை.

நங்கையோட திரும்புன படகு

நங்கை மூட்டையத் திருப்பி அக்கரைக்கு நாந்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். கவுறு எங்கையிலதானே இருக்குது, வேற யாரு இழுப்பாங்க? பாதித் தண்ணியில போறப்பச் சொன்னாங்க:

"உம்பையன் திருப்பூர்ல கெடக்கறான், உனக்கென்ன. எம்பையன் அந்த ஓட்டல்லதான் சோறு திங்கறான். நீ போடற ஆட்டத்துக்கு அவன் வேலை போவும்."

அதுல தப்பு என்ன இருக்குது? கவுத்தை இழுத்தேன்.

நாத்தம்

மறுநாளும் பறிச்சோம். அதுக்கு அடுத்த நாளும் பறிச்சுக் கொண்டாந்து கொட்டுனோம். கேட்டுக்கு முன்னாலயே பாயை விரிச்சு, சோத்துப் போசியோட உக்காந்துட்டோம்.

புளிச்ச காப்பிப் பழம் எப்படி நாறும்னு உங்களுக்குத் தெரியாது. நல்லதுங்க, தெரிய வேண்டாம். மொதல்ல கள்ளு வாடை மாதிரி வரும், பரவாயில்லைன்னு நெனப்பீங்க. அப்புறம் அது மாறும் பாருங்க, கொடலைப் பெரட்டிரும். செவப்புத் தண்ணி பலகைச் சந்துல சொட்டுச்சு. ஈ மொய்ச்சுது, கொளவி வந்துச்சு. காத்து எங்க பக்கத்துலருந்து ஓட்டல் பக்கம் அடிச்சுது. காத்தை நாங்க வரச் சொல்லலை.

ஓட்டல்ல கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாச்சு. ஏற்காடு பஜார்லருந்து ஜீப்பு ஜீப்பாப் பூ வந்து எறங்குது. சொந்தம், ஒறம்பரைங்க எல்லாம் வர ஆரம்பிச்சிட்டாங்க. வந்தவங்க எல்லாம் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, சாக்கடை எங்கயோ ஒடைஞ்சிருச்சுன்னு பேசிக்கறாங்க.

மேனேஜர் தோட்டத்து ஆளுகளக் கூப்பிட்டு அள்ளிப் போடச் சொன்னாரு. அவங்க லைன் ஊட்டு ஆளுக, எஸ்டேட்டுல காப்பி பறிச்சே வளந்தவங்க. கிட்ட வந்து பாத்துட்டு, முதுகு பிடிச்சிருச்சுன்னு ஒருத்தரு, காய்ச்சல்னு ஒருத்தரு, அப்படியே கழண்டுக்கிட்டாங்க. கடைசியா முருகேசன் கையில மம்பட்டியக் குடுத்து, "ஏரியில தள்ளுடா"ன்னாரு.

முருகேசன் பழத்தைப் பாத்தான். "சார், இது எங்கத்தை பழமுங்க. என்னால ஆகாதுங்க"ன்னான். நீலச் சட்டையக் கழட்டி மடிச்சுக் கேட்டு மேல போட்டான். கேட்டு ஏறிக் குதிச்சு, வெறும் பனியனோட வந்து எம்பக்கத்துல உக்காந்தான். குளுருல பல்லு தந்தியடிக்குது. எனக்குச் சந்தோசமும் வந்துச்சு, பயமும் வந்துச்சு. நங்கை சொன்னது நடந்துருச்சே.

மேனேஜர் தானே மம்பட்டிய எடுத்தாரு. ரோசக்காரப் புள்ளைதான். ஒரு வாரு வாருனாரு, ரெண்டாவதுக்குக் கொளவி கெளம்புச்சு, மூணாவதுக்கு வாந்தி. நான் எந்திரிச்சுப் போயிச் சொம்புத் தண்ணி குடுத்தேன். வாங்கிக் குடிச்சாரு.

அப்பத்தான், எங்க ஆளு ஒருத்தரு அக்கரைக்கு இழுத்துக்கிட்டுப் போன படகு திரும்பி வர்றதைப் பாத்தேன். கவுத்தை இழுக்கறது நங்கை. அந்தம்மா அதுவரைக்கும் கவுறு தொட்டதே இல்லை. படகு கோணலாடி, மேடையில டமார்னு இடிச்சுது. மூணு மூட்டை. பூசணம் பூத்து, வெள்ளை வெள்ளையா, சாக்குக்கு வெளிய தெரியுது.

"வாயத் தொறக்காதே சின்னப்பொண்ணு. உனக்கோசரம் நான் ஒண்ணும் வரலை. எம்பையன் குளுருல கெடக்கறான்னாங்க, சொட்டரு கொண்டாந்தேன்"ன்னாங்க. அவன் தலை வழியா சொட்டரை மாட்டி வுட்டாங்க. அப்புறம் அந்த மூணு மூட்டையவும் இழுத்தாந்து குவியல் மேல கொட்டிட்டு, மேனேஜரைப் பாத்து, "எங்கூட்டுப் பழமும் நாறுதுங்க, இதையும் சேத்து மோந்துக்குங்க"ன்னாங்க.

அழுகையும் சிரிப்பும் எனக்கு ஒண்ணா வந்துச்சு. மேடை மேல உக்காந்துக்கிட்டு அழுதேன்.

மேனேஜர் வாயைத் தொடச்சுக்கிட்டுக் கேட்டாரு, "என்னதாம்மா வேணும்?"

"கேட்டு வேண்டாமுங்க."

"தொறந்தே வெச்சுக்கறேன். போதுமா?"

"தொறந்து வெச்சா நாளைக்குச் சாத்தலாமுங்க. கழட்டுங்க."

போனை எடுத்துக்கிட்டுத் தள்ளிப் போனாரு. யாரு யாருகிட்டயோ கெஞ்சுனாரு, கத்துனாரு. திரும்பி வந்து, கேட்டைக் கழட்ட ஆளனுப்புனாரு. பஜார்லருந்து வெல்டிங்காரரு வந்தாரு. மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு, பொறி பறக்க அறுத்து, கேட்டைக் கழட்டி ஓரமா சாத்துனாரு. நாங்க அந்த அழுகலை எல்லாம் அள்ளி, பலகையக் கழுவி வுட்டு, அக்கரைக்குக் கொண்டு போயி மரத்தடியில எருவாப் போட்டோம். கல்யாணப் பொண்ணு மறுநாளு மூக்கைப் பிடிச்சுக்கிட்டே போட்டோ எடுத்துக்கிச்சு. பாவம், அது என்ன பண்ணுச்சு. படகுல ஏத்தி ஒரு நடை கூட்டிக்கிட்டுப் போயாந்தேன்.

ஜெயிச்ச கணக்கு

ஜெயிச்சிட்டீங்களேன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அந்த வருசம் எங்க கூரைக்குத் தகரம் வரலை. மழைக்கெல்லாம் போசியும் குண்டாவும் வெச்சுக்கிட்டுத் தூங்குனோம். முருகேசனை அப்பவே நிறுத்திட்டாங்க. இப்ப ஏற்காட்டுல ஊருக்காரரு ஒருத்தரோட ஜீப்பை வாடகைக்கு ஓட்டறான். நங்கை இன்னமும் என்னை ஏசுவாங்க, படகுல உக்காந்துக்கிட்டேதான் ஏசுவாங்க.

வலிச்சுதுங்க. நல்லாவே வலிச்சுது. ஒரு வருசம் கண்ணுல வெச்சு வளத்த பழத்தை எங்கையாலயே அழுக வுட்டேன். அந்த நாத்தம் எங்க சேலையில இருந்து போக நாளாச்சு. அதுக்காக ஒரு நாளாவது வருத்தப்பட்டிருக்கேனான்னா, இல்லை.

இப்ப ஓட்டல் இன்னொருத்தரு கைக்குப் போயிருச்சு. புது மேனேஜரு வந்திருக்காரு. நேத்து ஒருத்தன் டேப்பை வெச்சுக்கிட்டு மேடை அகலத்தை அளந்துக்கிட்டிருந்தான். "என்ன கண்ணு அளக்கறே?"ன்னேன். "புதுக் கேட்டு மாட்டறதுக்குங்க"ன்னான்.

மாட்டட்டும். இந்த வருசமும் எங்கிட்டப் பழம் இருக்குதுங்க.